விழாமற் காப்போம் நம் செல்வங்களை

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய ஒன்றியப் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இம்முகாமில் இதுகாறும் சாலை, குடிநீர், தெருவிளக்கு, பண்ணைக் குட்டை ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசினோம். அவை யாவும் ஊரின் பொதுச் சொத்துகள். ஊராட்சியின் கணக்கேட்டில் இடம்பெறுபவை. இப்பொழுது நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளோ எந்தக் கணக்கேட்டிலும் இடம்பெறுவதில்லை. நம் வீடுகளில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் விழுந்து அடிபடுவதும், அதனை ஊரார் ஒன்றுகூடித் தடுப்பதுமே அப்பொருள்.

"வீட்டுக்குள் பிள்ளை விழுவதற்கும் ஊராட்சி மன்றத்திற்கும் என்ன தொடர்பு? அது தாயின் கவலை அன்றோ?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஒரு காலத்தில் குடிநீரைப் பற்றியும் இவ்வாறே எண்ணினோம். அம்மை குத்துவதைப் பற்றியும் இவ்வாறே எண்ணினோம். வீட்டின் துன்பமென்று நாம் ஒதுக்கி வைத்தவை பலவும் ஊரின் முயற்சியினால்தான் நீங்கின. இத்துன்பமும் அவ்வகையைச் சேர்ந்ததே என்று காட்டுவது இவ்வுரையின் நோக்கம்.

விழுவது இயல்பு, வீழ்வது இயல்பன்று

"விழாமல் வளர்ந்த பிள்ளை உண்டா?" என்று நம் ஊர்களில் கேட்பதுண்டு. இக்கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. தளர்நடை பயிலும் பிள்ளை நாள்தோறும் பலமுறை விழும், எழும், மீண்டும் நடக்கும். அது நடை கற்கும் பாடம். அதனை நாம் தடுக்க வேண்டியதில்லை. தடுத்தால் பிள்ளையின் வளர்ச்சியே குன்றும்.

நாம் தடுக்க வேண்டிய விழுதல் மூவகைப்படும். உயரத்திலிருந்து விழுவது ஒன்று. கடினமான தரையிலோ, கூரிய விளிம்பிலோ தலை மோதும்படி விழுவது மற்றொன்று. கிணறு, தொட்டி, குழி ஆகியவற்றின் ஆழத்தில் விழுவது மூன்றாவது. இம்மூன்றிலும் பிள்ளை கற்றுக்கொள்வதற்கு ஒன்றுமில்லை. இழப்பதற்கு உயிரும் உறுப்பும் அறிவும் உண்டு. மண்டையில் பட்ட அடி மாறாத ஊனத்தைத் தருவதும், முறிந்த கை சரிவரக் கூடாமல் வாழ்நாள் முழுதும் கோணலாய் நிற்பதும் நாம் கண்டறியாதவை அல்ல.

உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து உயிரிழக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. தற்செயலாக நேரும் காயங்களால் விளையும் சாவுகளில், சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கே. இவ்வாறு இறப்பவருள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் வருவாய் குறைந்த நாடுகளையும் நடுத்தர வருவாயுடைய நாடுகளையும் சேர்ந்தவர்கள். இக்கணக்கில் முதியோரே மிகுதி எனினும், குழந்தைகளும் விழுவதால் பெருந்தீங்குக்கு உள்ளாகும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்று அந்நிறுவனமே எடுத்துரைக்கிறது. ஒரே உயரத்திலிருந்து விழுந்தாலும் வசதி படைத்த நாட்டில் பிழைக்கும் பிள்ளை வறிய நாட்டில் பிழைப்பதில்லை. காரணம், மருத்துவமனை தொலைவில் இருப்பதும், அங்கே செல்வதற்குள் நேரம் கழிவதுமே ஆகும். ஆதலின், சிற்றூரில் வாழும் நமக்கு வருமுன் காத்தல் ஏனையோரைக் காட்டிலும் இன்றியமையாதது.

பிள்ளை ஏன் விழுகிறது?

நோயின் காரணம் அறிந்தால் மருந்து எளிது. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தலையே. வளர்ந்த மனிதனுக்கோ தலை எட்டில் ஒரு பங்குதான். மேற்பாரம் மிகுந்த வண்டி எளிதில் கவிழ்வதுபோல, தலைப்பாரம் மிகுந்த குழந்தை எளிதில் தலைகுப்புற விழுகிறது. சுவரின்மேல் எட்டிப் பார்க்கும் பிள்ளையும், வாளிக்குள் குனியும் பிள்ளையும் நிலை தவறித் தலைகீழாக உள்ளே சரிவது இதனால்தான்.

மற்றொரு காரணம் வளர்ச்சியின் வேகம். நான்கு முதல் ஆறு மாதங்களுக்குள் குழந்தை புரளத் தொடங்குகிறது. ஏழு முதல் பத்து மாதங்களுக்குள் தவழ்கிறது. ஓராண்டை ஒட்டி நடக்கிறது. ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் படி ஏறுகிறது. இவற்றுள் எதையும் முன்னறிவித்துவிட்டு அது செய்வதில்லை. "நேற்று வரை கிடத்திய இடத்திலேயே கிடந்தான், இன்றைக்குப் பார்த்துக் கட்டிலிலிருந்து உருண்டுவிட்டான்" என்று தாய் சொல்வது உண்மையே. பிள்ளைக்கு ஏறத் தெரியும் காலத்தில் இறங்கத் தெரியாது. ஓடத் தெரியும் காலத்தில் நிற்கத் தெரியாது. ஆகவே பிள்ளை ஒன்றைச் செய்யக் கற்ற பின்னர் வீட்டைத் திருத்துவது காலங்கடந்த செயல். கற்பதற்கு ஒரு மாதம் முன்னதாகவே திருத்திவிட வேண்டும்.

வீடு மாறிற்று, காவல் மாறவில்லை

நம் சிற்றூர்களின் வீடுகள் கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் பெரிதும் மாறியிருக்கின்றன. கூரை வீடுகள் குறைந்து, கான்கிரீட் தளமிட்ட வீடுகள் பெருகியுள்ளன. 2016-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டமும், 2024-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்ற கலைஞரின் கனவு இல்லத் திட்டமும் இம்மாற்றத்திற்குத் துணை நின்றவை. தீப்பிடிக்கும் கூரை போய், மழைக்கு ஒழுகாத தளம் வந்தது நற்பேறே. இதில் இரு கருத்துக்கு இடமில்லை.

ஆயினும், கீற்றுக் கூரையின்மேல் எந்தக் குழந்தையும் ஏறி விளையாடியதில்லை. தளம் வந்தவுடன் மொட்டைமாடி வந்தது. மாடிக்குப் படி வந்தது. மிளகாயும் வற்றலும் வேர்க்கடலையும் அங்கே காய்கின்றன. கோடையில் குடும்பமே அங்கே உறங்குகிறது. தாய் செல்லும் இடத்திற்குப் பிள்ளையும் செல்கிறது. ஆனால், "அடுத்த அறுவடைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கைப்பிடிச்சுவர் ஒத்திவைக்கப்படுகிறது. வருங்கால மாடிக்கென்று விட்ட கம்பிகள் ஓரங்களில் நீட்டிக்கொண்டு நிற்க, பக்கவாட்டுச் சுவரற்ற படிகள் வெட்டவெளியில் தொங்குகின்றன.

இதில் வியப்பு ஒன்று உண்டு. நம் வீட்டுச் சன்னல்கள் அனைத்திற்கும் கம்பி இருக்கிறது. கள்வருக்கு அஞ்சிப் போட்ட கம்பி அது. எனினும், குழந்தை சன்னல் வழியே விழாமல் காப்பதும் அதுவே. கள்வன் வரமாட்டான் என்று கருதும் இடத்தில் நாம் தடுப்பு வைப்பதில்லை. குழந்தை விழுவதோ பெரும்பாலும் அவ்விடத்திலேதான்.

நம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில், வற்றல் காயவைக்கச் சென்ற தாயின் பின்னே படியேறிய இரண்டு வயதுக் குழந்தை மாடி ஓரத்திலிருந்து விழுந்தது. உயிர் தப்பியது, ஆயினும், தொடை எலும்பு முறிந்து பல வாரங்கள் மருத்துவமனையில் கிடந்தது. அதன் தந்தை எங்களிடம் கூறிய சொற்கள் இன்றும் மறக்கவில்லை. "ஐயா, சுவர் எடுக்கக் காசில்லை என்றுதான் விட்டோம். மருத்துவம் இலவசமாகத்தான் கிடைத்தது. ஆனால், போக வர ஆன செலவு, துணைக்கு இருந்தவர்களின் சாப்பாடு, இரண்டு பேருக்கும் போன கூலி, அதற்காக வாங்கிய கடன், கடனுக்குக் கட்டும் வட்டி, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் சுவரை இரண்டு தடவை எடுத்திருக்கலாம்" என்றார். சிக்கனம் என்று நாம் கருதுவது எப்பொழுதும் சிக்கனம் ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான கணக்கு வேறு வேண்டுவதில்லை.

வீட்டைச் சுற்றி வருவோம்

இனி, வீட்டின் ஒவ்வோரிடமாகப் பார்ப்போம். பார்க்கும்போது நின்றுகொண்டு பாராமல், ஒருமுறையேனும் மண்டியிட்டுப் பிள்ளையின் உயரத்திலிருந்து பாருங்கள். நம் கண்ணுக்குப் புலப்படாத பலவும் அப்பொழுது புலப்படும்.

தூளியும் ஏணையும்: தூளி நம் மரபின் நல்ல ஏற்பாடு. அதனை விட்டொழிக்க வேண்டியதில்லை. ஒழுங்காகக் கட்ட வேண்டும். உத்தரமோ கொக்கியோ உறுதியாக உள்ளதா, கயிறு தேய்ந்துள்ளதா, சேலை நைந்துள்ளதா என்று வாரந்தோறும் இழுத்துப் பார்த்தல் வேண்டும். தூளியின் அடிப்பாகம் தரையிலிருந்து ஓரடி, ஒன்றரை அடிக்கு மேல் உயராதிருத்தல் நலம். அடியில் மடித்த பாயும் கெட்டியான துணி விரிப்பும் இடுக. குழந்தை தானே எழுந்து உட்காரத் தொடங்கியதும் தூளியின் காலம் முடிந்துவிட்டதென்று கொள்க. பெரிய பிள்ளைகள் தூளியில் சுற்றி விளையாடினால் கழுத்து இறுகும் அபாயமும் உண்டு. ஆதலால், பயன்படாத வேளையில் அதனை மேலே சுருட்டி முடிந்துவிடுதல் வேண்டும்.

கட்டில்: கைக்குழந்தையைக் கட்டிலின் நடுவில் கிடத்தி இருபுறமும் தலையணை வைத்துவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். புரளும் குழந்தைக்குத் தலையணை தடையாகாது. மாறாக, அது முகத்தை மூடி மூச்சை அடைக்கவும் கூடும். தனியே விட வேண்டியிருப்பின் தரையில் பாய் விரித்துக் கிடத்துவதே தக்கது. தரையிலிருந்து விழுவதற்கு இடமில்லை.

திண்ணையும் படியும்: உயர்ந்த திண்ணையின் ஓரத்திலும், வாயிற்படியிலும், மாடிப்படியின் அடியிலும் தலையிலும் ஒரு சிறு தடுப்பு வேண்டும். மூங்கிற் படல் போதும். பழைய பலகை போதும். குறுக்குச் சட்டங்கள் பிள்ளைக்கு ஏணியாகிவிடும். ஆதலால் சட்டங்களை நிலைக்குத்தாக அமைக்க வேண்டும். இடைவெளி நான்கு அங்குலத்திற்கு மேற்படலாகாது. மேற்பட்டால் உடல் நுழைந்து தலை சிக்கும்.

மொட்டைமாடி: நாற்புறமும் மூன்றரை அடி உயரத்திற்குக் கைப்பிடிச்சுவர் எழுப்புவதே முறையான காவல். சுவரை ஒட்டி உரல், தண்ணீர்த் தொட்டி, செங்கல் அடுக்கு முதலியன இருந்தால் அவை ஏறுபடியாகிவிடும். அவற்றை விலக்கி வைக்க வேண்டும். சுவர் எழுப்பப் பொருள் இல்லையா? படி தொடங்கும் இடத்தில் தாழ்ப்பாளுடன் ஒரு கதவோ படலோ இடுங்கள். நாற்புறமும் சுவர் எடுக்கும் செலவில் மிகச் சிறு பகுதியே அதற்கு ஆகும். நான்கு பக்கத்தையும் அடைக்க இயலாதவர் ஒரு வாயிலை அடைக்க இயலும் அன்றோ?

தரை: சாணம் மெழுகிய தரை போய் வழவழப்பான ஓட்டுத்தரை வந்துவிட்டது. நீர் சிந்தினால் அது வழுக்கும். குளியலிடத்திலும் கைகழுவும் இடத்திலும் சொரசொரப்பான தரை அமைக்குமாறு வீடு கட்டும்போதே கொத்தனாரிடம் கூறுதல் வேண்டும். சிந்திய நீரையும் எண்ணெயையும் உடனே துடைப்பது வீட்டிலுள்ள அனைவரின் வேலை. பெண்களின் வேலை மட்டும் அன்று.

நடைவண்டி: தச்சர் செய்து தரும் மூன்று சக்கர மர நடைவண்டியைப் பிள்ளை நின்றுகொண்டு தள்ளும். இப்பொழுது கடைகளில் விற்கும் வாக்கர் வேறு. அதில் குழந்தை உட்கார்ந்தபடி காலால் உந்தி ஒரு நொடியில் மூன்றடி தூரம் ஓடிவிடும். பக்கத்தில் இருக்கும் தாய் கை நீட்டுவதற்குள் படியிலிருந்து கவிழ்ந்துவிடும். அது நடை கற்றுத் தருவதும் இல்லை. இத்தீங்கு கருதியே கனடா நாடு 2004-ஆம் ஆண்டில் அதன் விற்பனையையே தடை செய்தது. பரிசாகக் கொடுக்க விரும்பும் உறவினர், தச்சரிடம் மர நடைவண்டி வாங்கிக் கொடுப்பாராக. அதனையும் சமதரையில், பெரியவர் ஒருவர் அருகிருக்கத் தள்ளவிடுதல் வேண்டும்.

கிணறும் குழியும்: கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர், நிலத்தடித் தொட்டிக்குப் பூட்டுள்ள மூடி, கழிவறைக் குழிக்கு உடையாத மூடி ஆகியன கட்டாயம் வேண்டும். ஆழ்துளைக் கிணற்றைப் பற்றி உழவர்களாகிய உங்களிடம் தனியே சொல்ல வேண்டியுள்ளது. 2019-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் இறுதியில், திருச்சி மாவட்டம் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் பயன்படாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை, பல நாட்கள் இரவு பகலாக முயன்றும் உயிருடன் மீட்க இயலவில்லை. இத்தகைய கிணறுகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டிலேயே விதிமுறைகளை வகுத்திருந்தது. தோண்டுவதற்குப் பதினைந்து நாள் முன்னர் எழுத்து வழியே அறிவித்தல், தோண்டும்போது வேலியிடுதல், குழாயின் வாயை உறுதியான மூடியால் அடைத்தல், கைவிட்ட கிணற்றை அடிமுதல் தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் இட்டு நிரப்புதல் ஆகியன அவற்றுள் அடங்கும். நம் மாநிலத்திலும் 2015-ஆம் ஆண்டில் ஊராட்சிகளுக்கென்று கிணறு தோண்டுதல் குறித்த விதிகள் வந்துள்ளன. விதி இருக்கிறது, நம் வயலிலுள்ள குழி மூடியிருக்கிறதா என்பதே கேள்வி. இன்று மாலை வீடு திரும்பும் வழியிலேயே அவரவர் நிலத்தைச் சென்று பாருங்கள்.

தாயைப் பழித்தல் தீர்வாகாது

பிள்ளை விழுந்தவுடன் நம் ஊரில் முதலில் எழும் சொல், "அவள் பார்த்துக்கொள்ளாமல் என்ன செய்தாள்?" என்பதே. இச்சொல் எத்துணைத் தீங்கு விளைக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

தாய் என்ன செய்தாள் என்று கேட்பவர்களுக்கு விடை இது: அவள் தண்ணீர் பிடித்தாள், சோறு ஆக்கினாள், மாட்டுக்குத் தீனி வைத்தாள், களை பறிக்கச் சென்றாள். ஒருத்தி இரு கண் கொண்டு ஓடும் பிள்ளையை நாள் முழுதும் நோக்கியிருத்தல் இயலாது. பல வீடுகளில் எட்டு வயதுச் சிறுமியின் இடுப்பில் ஒன்றரை வயதுத் தம்பி இருக்கிறான். குழந்தையைக் குழந்தை காக்கும் இவ்வேற்பாட்டில் இருவருக்கும் பாதுகாப்பு இல்லை. அச்சிறுமிக்குப் பள்ளியும் இல்லை.

பழிச்சொல்லினால் விளையும் பெருந்தீங்கு வேறொன்றும் உண்டு. பழிக்கு அஞ்சும் தாய் பிள்ளை விழுந்ததையே மறைத்துவிடுகிறாள். மாமியாருக்குத் தெரியாமல், கணவனுக்குத் தெரியாமல் எண்ணெய் தடவிப் படுக்க வைக்கிறாள். மருத்துவரிடம் சென்றாலும், மாடியிலிருந்து விழுந்ததைத் திண்ணையிலிருந்து விழுந்ததாகச் சொல்கிறாள். எவ்வளவு உயரத்திலிருந்து, எப்பொழுது, எதன்மேல் விழுந்தது என்ற உண்மை தெரிந்தால்தான் மருத்துவர் தக்கது செய்ய இயலும். மறைத்த சில மணி நேரத்தில் மண்டைக்குள் குருதி கசிந்து உயிர் போகவும் கூடும். ஆதலால், பிள்ளை விழுந்த வீட்டில் "யார் விட்டது?" என்று கேட்பதை விட்டு, "எங்கிருந்து விழுந்தது? அவ்விடத்தை எப்படி அடைக்கலாம்?" என்று கேட்கும் வழக்கத்தை நாம் ஊரில் உண்டாக்க வேண்டும். வீட்டைத் திருத்த வேண்டிய பொறுப்பில் தந்தைக்கும் பங்கு உண்டு, பாட்டனாருக்கும் உண்டு, படலைக் கட்டித் தரக்கூடிய பக்கத்து வீட்டுக்காரருக்கும் உண்டு.

ஊர் கூடினால் என்ன நடக்கும்?

நியூயார்க் மாநகரில் அடுக்குமாடி வீடுகளின் சன்னல்களிலிருந்து குழந்தைகள் விழுந்து இறந்துகொண்டிருந்தனர். 1972-ஆம் ஆண்டில் அந்நகரின் சுகாதாரத் துறை, "குழந்தைகளுக்குப் பறக்கத் தெரியாது" என்னும் பெயரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கிற்று. செவிலியர்கள் வீடுவீடாகச் சென்று பெற்றோருக்கு எடுத்துரைத்தனர். அத்துடன் நில்லாமல், சிறு குழந்தைகள் உள்ள வீடுகளுக்குச் சன்னல் தடுப்புகளை விலையின்றி வழங்கினர். பிராங்க்ஸ் பகுதியில் 1973-க்கும் 1975-க்கும் இடையே இவ்வாறு விழுந்த குழந்தைகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. 1976-ஆம் ஆண்டில் அத்தடுப்பைப் பொருத்துவது வீட்டு உரிமையாளரின் கடமையென விதியாயிற்று. அறிவுரை மட்டும் கூறியிருந்தால் இப்பயன் விளைந்திராது; தடுப்பை மட்டும் கொடுத்திருந்தாலும் விளைந்திராது. சொல்லும் பொருளும் ஒன்றாகச் சென்றதால் விளைந்தது.

நமக்கு அண்மையிலுள்ள வங்கதேசத்தில் வேறொரு வழி கண்டனர். அங்கே ஊரைச் சுற்றிலும் குளங்கள். தாய்மாருக்கு வேலை மிகுந்த முற்பகல் வேளையில்தான் குழந்தைகள் நீரில் விழுந்து இறப்பது மிகுதி என்று கண்டறிந்து, காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை ஊர்ப் பெண் ஒருவரே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பிடங்களை ஏற்படுத்தினர். அங்கு வந்த குழந்தைகளிடையே மூழ்கி இறப்பது பெரிதும் குறைந்தது. நமக்கோ 1975-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் அங்கன்வாடிகள் ஊர்தோறும் இருக்கின்றன. பால்வாடி என்று நாம் அழைக்கும் அவ்விடத்திற்குப் பிள்ளையை ஒழுங்காக அனுப்புவதே பாதிக் காவல்.

ஊராட்சி செய்ய வேண்டுவன

இனி, செயலுக்கு வருவோம். ஐந்து பணிகளை உங்கள்முன் வைக்கிறோம்.

முதலாவது, கணக்கெடுப்பு. ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் உள்ள வீடுகளின் பட்டியல் அங்கன்வாடிப் பணியாளரிடமும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் உண்டு. அவர்களுடன் மகளிர் சுய உதவிக் குழுவினர் இருவரும் வார்டு உறுப்பினரும் சேர்ந்து வீடுவீடாகச் சென்று, மாடி, படி, தூளி, கிணறு, தொட்டி, தரை என்னும் ஆறினையும் பார்த்துக் குறித்துக்கொள்வார்களாக. குற்றம் காண்பதற்காக அன்று. குறை தீர்ப்பதற்காகவே வருகிறோம் என்பதை வாயிலிலேயே கூறிவிட வேண்டும்.

இரண்டாவது, கிராம சபை. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூட்டும் ஏற்பாடு நம் மாநிலத்தில் வந்துள்ளது. அடுத்து வரும் கூட்டத்தில் இக்கணக்கைப் படியுங்கள். வீட்டுக்காரர் பெயரைச் சொல்லாமல், "சுவரற்ற மாடி இத்தனை, மூடியற்ற தொட்டி இத்தனை" என்று எண்ணை மட்டும் சொல்லுங்கள். ஆறு திங்கள் கழித்து மீண்டும் எண்ணுங்கள். எண் குறைந்தால் ஊர் முன்னேறியது என்று பொருள்.

மூன்றாவது, கூட்டு வேலை. பத்து வீட்டுக்குத் தனித்தனியே படல் செய்வதைக் காட்டிலும், ஒரே பட்டறையில் பத்தையும் செய்வித்தால் விலை குறையும். மூங்கில் உள்ள ஊரில் மூங்கில். பனை உள்ள ஊரில் பனஞ்சட்டம். பொருளற்ற வீடுகளுக்கு இளைஞர்கள் ஒருநாள் உழைப்பைத் தானமாக நல்கலாம். சுவர் எழுப்புவோருக்கு மகளிர் குழுவின் உள்கடன் உதவும்.

நான்காவது, புது வீடு. வீடு கட்ட விண்ணப்பிப்போரிடமும், அரசுத் திட்டத்தில் வீடு பெறுவோரிடமும் படிக்குக் கைப்பிடியும் மாடிக்குச் சுவரும் முதற் செலவிலேயே சேர வேண்டும் என்பதை ஊராட்சி நினைவூட்டுதல் வேண்டும். பூச்சு வேலைக்கும் வண்ணத்திற்கும் முன்னர் சுவர். கொத்தனார்களையும் அழைத்து ஒருநாள் பேசுங்கள். அவர்கள் சொல்லை வீட்டுக்காரர் கேட்பார்.

ஐந்தாவது, பருவக் காவல். நடவும் களையெடுப்பும் அறுவடையும் நிகழும் நாட்களில் பிள்ளைகளைப் பார்க்க வீட்டில் ஆளிருப்பதில்லை. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், பணியிடத்தில் ஐந்து குழந்தைகள் இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ளப் பெண் ஒருவரை அமர்த்தி அவருக்கும் கூலி தர வேண்டும் என்று வகுத்தது. அந்நெறியை நம் வயல்களிலும் பின்பற்றலாம். பத்துப் பெண்கள் களை பறிக்கும் இடத்தில், ஒருத்தி மரநிழலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, அவளுக்கும் முழுக் கூலி கொடுப்பதனால் எந்த உழவரும் நொடித்துவிடமாட்டார்.

இவற்றுடன் மற்றொரு வழக்கமும் வேண்டும். "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று நாம் பெருமூச்சுவிட்டு மறந்துவிடும் நிகழ்ச்சிகள் பல உண்டு. படியில் உருண்டும் அடிபடாத பிள்ளை, கிணற்றடியில் எட்டிப் பார்க்கையில் பிடித்து இழுக்கப்பட்ட பிள்ளை ஆகியோர் நமக்கு விடுக்கப்பெற்ற எச்சரிக்கைகள். அவற்றை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். அடுத்த பிள்ளைக்கும் அந்நற்பேறு வாய்க்கும் என்பதற்கு உறுதியில்லை.

விழுந்துவிட்டால் செய்ய வேண்டுவன

இத்துணையும் செய்த பின்னரும் ஒரு பிள்ளை விழக்கூடும். அப்பொழுது பதற்றத்தில் வாரித் தூக்கிக் குலுக்காதீர்கள். பிள்ளை நினைவிழந்திருந்தாலும், கழுத்திலோ முதுகிலோ அடிபட்டதாகத் தோன்றினாலும் அசைக்காமல் 108 எண்ணுக்கு அழையுங்கள். குருதி வழிந்தால் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். காப்பித் தூள், மண்ணெண்ணெய், சாணம் முதலியவற்றைக் காயத்தில் அப்பாதீர்கள். கை கால் முறிந்திருந்தால் இழுத்து நீவாமல், பலகையோ அட்டையோ வைத்துத் தளர்வாகக் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நினைவற்ற பிள்ளையின் வாயில் நீரோ பாலோ ஊற்றாதீர்கள். வலிப்புக் கண்டால் கையில் இரும்பைத் திணிப்பதாலும் வாயில் எதையேனும் வைப்பதாலும் பயனில்லை, தீங்கே உண்டு.

தலையில் அடிபட்ட பிள்ளையை ஒரு பகலும் ஓரிரவும் விழிப்புடன் கவனித்தல் வேண்டும். சிறிது நேரமேனும் நினைவு தப்புதல், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ குருதியோ தெளிந்த நீரோ வடிதல், கண்மணிகள் இரண்டும் ஒத்த அளவில் இல்லாமை, கை கால் தளர்தல், நிறுத்த முடியாத அழுகை, கைக்குழந்தையின் உச்சிக்குழி புடைத்தல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. ஓராண்டு நிரம்பாத குழந்தை தலையில் அடிபட்டால், அறிகுறி எதுவும் இல்லாவிடினும் மருத்துவரிடம் காட்டிவிடுவதே நன்று.

அன்பர்களே! சாலை போட நிதி வர வேண்டும். பாலம் கட்ட அனுமதி வர வேண்டும். படிக்கு ஒரு படல் கட்ட எந்த அலுவலகத்தின் ஆணையும் வேண்டியதில்லை. கயிறும் மூங்கிலும் நம் ஊரிலேயே உள்ளன. கட்டத் தெரிந்த கைகளும் உள்ளன. கணக்கெடுப்புக்கான படிவத்தை ஒன்றிய அலுவலகம் உங்கள் ஒவ்வோர் ஊராட்சிக்கும் அனுப்பிவைக்கும். அடுத்த கிராம சபைக்கு முன்னர் அதனை நிரப்பி வையுங்கள். முதற் பெயராக உங்கள் சொந்த வீட்டையே எழுதுங்கள். உறுப்பினரின் வீட்டு மாடிக்குச் சுவர் எழும்பினால், அத்தெருவின் மற்ற மாடிகளுக்கும் சுவர் எழும்ப நெடுநாள் ஆகாது.